சவுரிராயன் கழுவிவைத்த தண்ணீர்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் ஊருக்கு அதிகாரி வருவதற்கு முன்னால் ப்ளீச்சிங் பவுடர் வரும். சாலையின் இரண்டு ஓரமும் பளிச்சென்று வெள்ளைக் கோடு விழுந்திருந்தால், ஜீப்பில் யாரோ வருகிறார்கள் என்று பால்காரர்கூடச் சொல்லிவிடுவார். அந்தக் கோட்டைப் போடுகிறவர் சவுரிராயன். கயிறு பிடிக்கமாட்டார். குனிந்த தலை நிமிராமல், சாலை வளைகிற இடத்தில் தானும் வளைந்து அவர் கோடு போடுகிற அழகை வேறு ஏதாவது காரியத்தில் காட்டியிருந்தால் சர்க்கார் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியிருக்கும்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில், ஓமந்தூர்ப் பக்கம் இருக்கிறது எங்கள் ஊர். எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காது. பெட்ரோல் பங்க் இருப்பதால் லாரி நிற்கும். பங்குக்குப் பின்னால் மாதா கோயில் தெரு. அதில் முதல் வீடு சவுரிராயன் வீடு. எதிர்வீட்டில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் நான், பிரபாவதி. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேச்சு. ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற இடத்தில் இருப்பவளுக்குக் காது நீண்டுவிடுகிறது. வாய் மட்டும் சும்மா இருக்குமா?

பஞ்சாயத்தில் சவுரிராயனுக்கு டேங்க் ஆப்பரேட்டர் வேலை. ஏரிக்கரை போர்வெல்லில் மோட்டார் போட்டு, மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, வால்வைத் திறந்து ஊருக்குத் தண்ணீர் விடவேண்டும். ஊருக்கு என்றால் ஊருக்கு மட்டும். எங்கள் தெருவுக்கும் குழாய் போட்டார்கள். வாழைமரம் கட்டித் திறப்பு விழாகூட நடத்தினார்கள். தண்ணீர்தான் வரவில்லை. கேட்டால், தெரு மேட்டில் இருக்கிறதாம். தொட்டியடியில் எங்கள் தெருக் குடத்தை வைக்கவும் ஊரார் விடமாட்டார்கள். ஆகவே ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிட்டு வருகிற மனிதர், தன் வீட்டுக்குத் தெருமுனைக் கைபம்பில் அடித்துத்தான் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

அதிகாரிகளை வரவேற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பொதுக் கழிப்பறையைப் பார்க்க ஒரு பெரிய அதிகாரி வந்தபோது, கட்டிய நாளிலிருந்து பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தைத் திறந்து கழுவி, புது வாளி, புது மக், ஒரு முழு சந்தன சோப்பு எல்லாம் வைத்திருந்தார். அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜீப் போனதும் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி பூட்டிவிட்டார்கள். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஆயர் வந்த வருஷம், தெருவிலிருந்த ஆடுகளைப் பிடித்துக் குளிப்பாட்டினார். ஒரு கிடா மட்டும் தப்பித்து ஓடியது. அதை நினைத்து அன்று முழுக்க அவருக்குப் பூசையில் மனம் ஒட்டவில்லை.

சிரிக்கிறேன், ஆனால் எனக்கு அது ஏன் என்று தெரியும். எங்கள் தெருவை அழுக்குத் தெரு என்று சொல்லிச் சொல்லியே ஊரார் பழகியிருக்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர் அவர். வெளியார் யாராவது வந்து முகம் சுளித்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் வருகிறவர் கண்ணில் அழுக்கு படக்கூடாது என்பதைப் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளையாக வைத்துக்கொண்டார். இதில் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. கோபம் வருகிறது, அது வேறு விஷயம்.

கைபம்புத் தண்ணீர் எப்போது கெட்டது என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. முதலில் கண்டுபிடித்தவை எருமைகள். தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு போயின. அப்புறம் குடத்தின் மேல் வானவில் மாதிரி ஒரு ஏடு மிதந்தது. அரிசி கழுவினால் சோற்றில் பங்க் வாடை. குளித்தால் கை கால் அரிப்பு. பங்கில் மண்ணுக்கடியில் புதைத்திருக்கும் டேங்க் எங்கோ விட்டுப்போய்க் கசிகிறது என்று தெருவே சொன்னது. எங்கள் தெரு குழாய்த் தண்ணீருக்கு மேடு, பெட்ரோலுக்கு மட்டும் பள்ளம்.

பங்க் முதலாளி மாசிலாமணி நல்ல மனிதர். கோயில் திருவிழாவுக்கு நீர்மோர், கபடிப் போட்டிக்குக் கோப்பை, பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி, எல்லாம் அவர் உபயம். மின்விசிறியின் இறக்கைகளில்கூட அவர் பெயர் சுற்றுகிறது. அவரிடம் போய் நின்றோம். பொறுமையாகக் கேட்டார்.

"பெட்ரோல் கலந்திருந்தா பத்திக்கணுமே! ஒரு வாளி அடிச்சி, தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பாருங்க. பத்திக்கிச்சின்னா நான் பங்கையே மூடிடறேன்" என்றார்.

நாங்களும் போட்டுப் பார்த்தோம். பற்றவில்லை. குச்சி அணைந்து மிதந்தது. குடிக்கிற தண்ணீர் பற்றிக்கொண்டு எரிந்தால்தான் கெட்டது என்று ஒத்துக்கொள்ளும் நாட்டில், எங்கள் தண்ணீர் எங்களையே காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்புறம் மனு கொடுத்தோம், சாலையில் குடத்தோடு உட்கார்ந்தோம், போலீஸ் வந்து எழுப்பியது. கடைசியில் விழுப்புரத்திலிருந்து ஓர் அலுவலகம் வந்தது. எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லி நான் ஏன் வம்பை விலைக்கு வாங்கவேண்டும்? தென்னரசு என்று ஓர் இளம் பொறியாளர் வந்து, பங்குக்கு மேல்பக்கம் ஒன்றும், எங்கள் தெருவில் சவுரிராயன் வீட்டை ஒட்டி ஒன்றுமாகத் துளை போட்டு, பிளாஸ்டிக் குழாய் இறக்கி, மூடி போட்டார். கண்காணிப்புக் குழாய் என்று பெயர். அவ்வப்போது வந்து அதற்குள்ளிருந்து தண்ணீர் எடுத்துச் சோதிப்பார்களாம்.

"பக்கத்துலயே கைபம்பு இருக்குதே சார், அதுல ஒரு பாட்டில் புடிச்சிக்கினு போங்களேன்" என்று நான் கேட்டேன்.

"கைபம்பு எங்க டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்றார். தண்ணீர் ஒன்றுதான், டிபார்ட்மெண்ட் வேறு.

பஞ்சாயத்துத் தலைவர் ஒரு பெண்மணி. அவருக்குப் பதிலாகத் தலைவராக இருப்பவர் அவர் கணவர் ஜெகதீசன். அவர் எங்களுக்கு வாக்குக் கொடுத்தார். "ரிப்போர்ட்ல கெட்ட தண்ணின்னு மட்டும் வரட்டும். தனி மோட்டார் வெச்சி ஏரிக்கரை தண்ணிய ஒங்க தெருவுக்கு ஏத்திடலாம். ஃபண்டு வாங்கறது எம் பொறுப்பு." ஆக, நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் முதலில் எங்கள் தண்ணீர் கெட்டது என்று பாஸாகவேண்டும்.

சவுரிராயனுக்கு அந்தப் பரீட்சை மற்ற எல்லாரையும்விட அவசரம். மகள் சலேத்துமேரியைக் கண்டமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அம்மா கலையரசி தூளிக்குப் புடவை எடுத்து வைத்துவிட்டாள், என்னிடம் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துக் கொடுத்து விரிப்பு தைத்துக்கொண்டாள். ஆனால் சம்பந்தி மதலைமுத்து காதுக்குச் செய்தி போய்விட்டது. புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருப்பவர். எதையும் கேட்டுக்குள் விடுவதற்கு முன்னால் யோசிக்கிற மனிதர். "பச்ச ஒடம்புக்காரிய பெட்ரோல் தண்ணில குளிக்க வெப்பீங்களா? தண்ணி சரியாவட்டும், அப்பறம் அனுப்பறோம்" என்று போனில் சொல்லிவிட்டார். கலையரசி அன்று அழுத அழுகையில் என் மிஷின் ஓடவில்லை.

முதல் சோதனைக்கு அலுவலகம் முன்கூட்டியே தேதி சொல்லி அனுப்பியது. திருடனைப் பிடிக்கப் போகிறவன் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டுப் போவதில்லை; ஆனால் இவர்கள் நாகரிகமானவர்கள். ஜெகதீசன் வழக்கம்போலச் சவுரிராயனைக் கூப்பிட்டு, "ஆபீசர் வர்றாங்க, எடத்த நீட்டா வெச்சிடு" என்றார். அன்று காலை நான் கதவைத் திறந்தபோது தெருவே வெள்ளைக் கோட்டில் ஜொலித்தது. குழாயைச் சுற்றியிருந்த முள்செடிகளை வெட்டி, மண் கூட்டி, மூடிக்கு நீல பெயிண்ட் அடித்திருந்தார். பக்கத்தில் நாற்காலி, அதன் மேல் டர்க்கி டவல், இளநீர். பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட அவ்வளவு இருக்காது.

தென்னரசு வந்தார். அவரும் சவுரிராயனும் பேசிக்கொண்டது என் மிஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஒரு நீளமான பிளாஸ்டிக் குழலைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். மேலே வந்த தண்ணீர் பன்னீர் மாதிரி இருந்தது. பாட்டிலில் ஊற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, இளநீர் குடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் முடிவு வந்தது. எரிபொருள் கலப்பு காணப்படவில்லை. தண்ணீர் குடிநீருக்கு ஒப்பான தரத்தில் இருக்கிறது, குளோரின் மட்டும் சற்று அதிகம். மண்ணுக்கடியில் கிடக்கிற தண்ணீருக்குக் குளோரின் எப்படி வந்தது என்று அந்த அலுவலகத்தில் ஒருவர் தலையைக்கூடச் சொறியவில்லை.

மாசிலாமணி அந்த அறிக்கையை லேமினேட் பண்ணிப் பங்கில், காற்று அடிக்கிற மிஷினுக்கு மேலே தொங்கவிட்டார். எங்கள் தெருவுக்கு மைசூர்பாகு அனுப்பினார். நான் வாங்கவில்லை. வாங்காதது நான் ஒருத்திதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சோதனை மழைக்காலம் முடிந்து நடந்தது. நான் அன்றைக்கு லைனிங் துணி வாங்கத் திண்டிவனம் போயிருந்தேன். அதற்கும் அதே முடிவுதான் வந்தது. தொடர்ந்து இரண்டு முறை சுத்தமாக வந்தால் கண்காணிப்பை நிறுத்திவிடலாம் என்று விதியாம். நிறுத்திவிட்டார்கள். குழாய் மூடியின் மேல் சிமெண்டைப் பூசிவிட்டு ஜீப் போய்விட்டது.

அந்தச் செய்தி வந்த நாள் சவுரிராயன் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சலேத்துவுக்கு அப்போது ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

"இன்னா மெஷினும்மா அவங்க மெஷினு? எல்லாம் டுபாக்கூரு! நான் எவ்ளோ பாடுபட்டு வெச்சிக் குடுத்தேன், அப்பவும் அவங்களால கண்டுபுடிக்க முடியலியே" என்றார்.

கத்திரி துணியிலேயே நின்றது. "எத்த வெச்சிக் குடுத்தே அண்ணே?"

"கொழாயத்தான். மூடியத் தொறந்தா கொடலப் புடுங்குது நாத்தம். அப்படியேவா ஆபீசர்கிட்ட காட்டறது? ஒடுக்கமா ஒரு தகரக் கொவளை செஞ்சி, கயித்துல கட்டி, ஊரு முழிக்கறதுக்கு முன்ன இருந்து எறச்சி எறச்சி ஊத்தினேன். அப்பறம் ஆபீசருக்குன்னு சொல்லி, வண்டில கேன் வெச்சி ஊர் டேங்க் தண்ணியக் கொண்டாந்து ஊத்தி, ரெண்டு கை ப்ளீச்சிங் போட்டு, நல்லா அலசி வெச்சேன். ரெண்டாவது தபா இன்னும் நல்லா அலசினேன்."

"ஐயோ அண்ணே! அந்த ஆபீசரு ஒண்ணுமே கேக்கலியா?"

"கேட்டாரும்மா. பழைய தண்ணிய எறச்சிட்டு, புதுசா ஊறி வர்றதத்தான் புடிக்கணும், ஒரு மணி நேரம் ஆவும்ன்னாரு. நான் விடியறதுக்குள்ளயே எறச்சி வெச்சிட்டேன் சார்ன்னேன். ரொம்ப சந்தோசப்பட்டாரு. கை குடுத்தாரும்மா எனக்கு."

எனக்குச் சிரிப்பதா, அவரை இரண்டு அறை அறைவதா என்று தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் வீட்டுப் பூசணிக்காயைத் தானே மறைத்துவிட்டு, ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கோபித்துக்கொள்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"நீ ஊத்துன டேங்க் தண்ணியத்தான் அண்ணே அவங்க எடுத்துக்கினு போயி நல்ல தண்ணின்னு எழுதிக்கிறாங்க!"

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது எப்படிம்மா? ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா குளிச்சி, துணி மாத்திக்கினுதான போறோம்? அதுக்காகக் காய்ச்சல் தெரியாமயா பூடும்? படிச்சவங்க, அவ்ளோ பெரிய மெஷினு வெச்சிக்கிறாங்க. மேல சுத்தமா இருந்தா உள்ள இருக்கற நோவு தெரியாதா அவங்களுக்கு?"

எனக்குத் தெரிந்த தொழிலில்தான் சொன்னேன். "அண்ணே, அளவெடுக்கும்போது சில பொம்பளைங்க வயித்த எக்கிக்கினு நிப்பாங்க. நானும் அந்த அளவுக்கே தெச்சிக் குடுத்துடுவேன். ஊட்டுக்குப் போயி மூச்சு வுட்டா கொக்கி தெறிக்கும். அந்த மாதிரி நம்ம தெருவுக்கு வயித்த எக்கி அளவு குடுத்துட்டே நீ."

அவருக்குப் புரிய ஆரம்பித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எழுந்து, எதிரே தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு ஊருக்கே தண்ணீர் வரவில்லை. ஜெகதீசன் ஆளும் அனுப்பினார், எங்கள் தெருவுக்குள் வராமல் மூன்று தெரு தள்ளி நின்று தானும் கத்தினார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நாங்கள் இருவரும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். தென்னரசு எங்களை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். சவுரிராயன் நாற்காலியில் உட்காராமல், கையைக் கட்டிக்கொண்டு, இறைத்தது, ஊற்றியது, ப்ளீச்சிங் போட்டது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். கோயிலில் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்கமாட்டார்.

தென்னரசு கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. நீங்க கொழாய்ல கை வெச்சது நெசம்னா, அது கவர்ன்மெண்ட் கொழா. கேஸ் ஆயிடும், ஒங்க வேலையும் போயிடும். கை வெக்கலன்னா தண்ணி நல்லாருக்குன்னு அர்த்தம். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"எனக்குத் தண்ணிதான் வேணும் சார்" என்றார் சவுரிராயன்.

"ஃபைல் குளோஸ் ஆயிடுச்சே. புதுசா ஏதாவது காரணம் இருந்தா திரும்பத் தொறக்கலாம்."

"நான் பண்ணது புதுக் காரணம் இல்லியா சார்?"

"அது காரணம் இல்ல, குத்தம்" என்றார் தென்னரசு. பாவம், அவருக்கும் பயம். முறைப்படி இறைக்காமல் தண்ணீர் எடுத்ததற்கு அவர் பெயரும்தானே வெளியே வரும்? அவரைத் திட்ட வாயெடுத்தேன். சவுரிராயன் வேண்டாமென்று தலையசைத்தார். அதிகாரி முன்னால் சத்தம் போடக்கூடாதாம். அந்த நேரத்திலும்!

திரும்பி வந்த பிறகு கலையரசி விவரம் கேட்டாள். அவள் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். ஆனால் திட்டி முடித்ததும் அவள்தான் வழியும் கண்டுபிடித்தாள். "கவர்ன்மெண்ட்டே நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்துட்ச்சி இல்ல? அத்தக் காட்டிப் பொண்ணக் கூட்டினு வந்துடலாம். பேறுகாலம் முடியற வரிக்கும் குடிக்க, குளிக்க எல்லாம் கேன் தண்ணி வாங்கிக்கலாம்." மாசக் கணக்கில் கேன் வாங்க அவர்களுக்கு எங்கே முடியும்? அதை நான் கேட்கவில்லை. மகளைப் பார்க்காத தாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் ஏறாது.

மதலைமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு வந்து இறங்கினார். சமையலுக்கு ஒத்தாசையாக நான் அந்த வீட்டில் இருந்தேன். குடங்கள், அண்டா, தோட்டத்துத் தொட்டி, எல்லாவற்றிலும் கேன் தண்ணீர். கைபம்பு பக்கம் போகவே முடியாதபடி அதன் முன்னால் ஒரு மாட்டுவண்டியை நிறுத்தியிருந்தாள் கலையரசி. சவுரிராயன் புது வேட்டி கட்டியிருந்தார்.

வாட்ச்மேன் வாட்ச்மேன்தான். மதலைமுத்து வந்ததும் கால் கழுவும்போதே தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்தார். செம்பில் குடித்துப் பார்த்தார். கொல்லைத் தொட்டிவரை போய்க் கை விட்டுக் கலக்கினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. கலையரசி அறிக்கையின் ஜெராக்ஸைக் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்க சம்பந்தியம்மா. தண்ணி நல்லாத்தான இருக்குது. சலேத்துவ வர்ற வெள்ளிக்கெழம கொண்டாந்து வுட்டுடறேன். அவளும் அம்மா ஊட்டுக்குப் போவணும், போவணும்ன்னு அழுதுகினேதான் இருக்கா" என்றார்.

கலையரசி என் கையைப் பிடித்து நசுக்கினாள். கோழிக்குழம்பு பரிமாறினோம். எல்லாம் முடிந்துவிட்டது; ஜெயித்துவிட்டோம். எனக்குக்கூட, என்ன இருந்தாலும் பெண் வந்து சேரட்டும் என்றுதான் இருந்தது. சவுரிராயன் மட்டும் இலையில் கை வைத்தபடி இருந்தார். சாப்பிடவில்லை.

திடீரென்று எழுந்து கையைக் கழுவினார். "சம்பந்தி, கொஞ்சம் வெளிய வாங்க" என்றார்.

"சாப்புட்டுக்கினு இருக்கறாரு, இப்ப இன்னா?" என்று கலையரசி பதறினாள். அவர் கேட்கவில்லை. தெருமுனைக்குப் போய், ஒற்றை ஆளாக மாட்டுவண்டியின் நுகத்தைப் பிடித்துத் தள்ளினார். வண்டி நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெரு முழுக்க ஆள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சவுரிராயன் கைபம்பின் பிடியை இரண்டு கையாலும் பிடித்து அடிக்க ஆரம்பித்தார். புது வேட்டியெல்லாம் தெறித்தது. தண்ணீர் வந்தது, கூடவே வாடையும் வந்தது.

"மோந்து பாருங்க சம்பந்தி."

மதலைமுத்து குனிந்தார். குனிந்த வேகத்தில் துண்டால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"ரிப்போர்ட்ல..." என்றார்.

"அது நான் கழுவி வெச்ச தண்ணி. ஊட்டுல நீங்க குடிச்சது காசுக்கு வாங்கின தண்ணி. எங்க தண்ணி இதான் சம்பந்தி. இத்த ஊத்திப் பச்சப் புள்ளயக் குளிப்பாட்ட எனக்கு மனசு வர்ல. எம் பொண்ண இங்க அனுப்பாதீங்க."

இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் ஒரு வெளியாளிடம் எங்கள் தெருவின் அழுக்கைக் காட்டியது அன்றைக்குத்தான். காட்டவேண்டிய இடத்தில் காட்டியிருந்தால் குழாய் வந்திருக்கும். காட்டக்கூடாது என்று பெண்டாட்டி கெஞ்சிய இடத்தில் காட்டினார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போனதோ தெரியவில்லை. தெருவில் நின்றுகொண்டு அழுதேன், அதை ஒளிப்பானேன்.

மதலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் கலையரசியிடம் திரும்பி, "சம்பந்தியம்மா, துணிமணிய எடுத்துக்குங்க. பொண்ணு இங்க வர வேணாம். நீங்க அங்க வாங்க. எங்க ஊட்ட தாய் ஊடுன்னு நெனச்சிக்கட்டும் அது" என்றார். கலையரசி தூளிப் புடவையையும் நான் தைத்த விரிப்புகளையும் மூட்டை கட்டினாள். புருஷனிடம் ஒரு வார்த்தை பேசாமல் சம்பந்தியோடு பஸ் ஏறினாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்ப் பிள்ளைப்பேறு பார்க்கிறவள் என்று நாலு பேர் பேசத்தான் பேசுவார்கள். அதையும் அவள்தானே சுமக்கவேண்டும்?

பேத்தி பிறந்துவிட்டாள். கொழுகொழுவென்று இருக்கிறாளாம், போட்டோ பார்த்தேன், மூக்கு அப்படியே தாத்தா மூக்கு. பங்க் ஓடுகிறது. அறிக்கையும் தொங்குகிறது, வெயிலில் கொஞ்சம் மஞ்சளடித்துவிட்டது. சவுரிராயன் புதிதாக ஒரு மனு எழுதச் சொல்லி என்னிடம் வந்தார். அதில் தான் செய்த குற்றத்தை முதல் வரியிலேயே போடச் சொன்னார். வேலை போய்விடுமே என்றேன். போட்டுக்கொடு என்றார். கொடுத்து மாதக்கணக்காகிறது. பதிலும் வரவில்லை, கேஸும் வரவில்லை.

"பேத்திய எப்ப அண்ணே நம்ம தெருவுக்குக் கூட்டினு வருவே?" என்று போன வாரம் கேட்டேன்.

"நல்ல தண்ணி வரட்டும்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் கண்டமங்கலம் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறார்.